எரிமலைக்குச் சோளப் படையல்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபிளாக்ஸ்டாஃப் நகரின் வடகிழக்கே கிடைத்த சில கருங்கற்களில் மக்காச்சோளக் கதிரின் அச்சு விழுந்திருக்கிறது. மணிமணியாகப் பதிந்த குழிகளை எண்ணிவிடலாம். சோளம் அன்றே எரிந்துபோயிற்று. அதை மூடி உறைந்த எரிமலைக் குழம்புதான் மிச்சம்.

தற்செயலாக நேர்ந்ததா? ஆய்வாளர்கள் ஹவாய்க்கே போய், கீலாவேயா எரிமலைக் குழம்பில் கதிர்களை வைத்துப் பார்த்தார்கள். ஊற்றுவாயிலிருந்து தெறிக்கும் குழம்பு கதிர்மேல் படிந்தால் இப்படி அச்சு விழும் என்று கணித்தார்கள். கற்கள் கிடைத்ததோ குழம்பு எட்டாத ஒரு குடியிருப்பில். ஆக, யாரோ நெருப்பின் அருகே போய்க் கதிரை வைத்து, ஆறிய கல்லை வீட்டுக்குச் சுமந்து வந்திருக்கிறார்கள். படையல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த எரிமலை சன்செட் கிரேட்டர். வெடித்தது 1085 வாக்கில். சுமார் 300 மீட்டர் உயரக் கூம்பு எழும்பியது. பக்கத்து வயல்களும் வீடுகளும் புதைந்தன. ஆனால் தொலைவில் மெல்லியதாகப் படிந்த கருஞ்சாம்பல் வேறு வேலை செய்தது. நம் விவசாயிகள் வைக்கோலால் போடுகிற மூடாக்கைப் போல அது மண்ணை மூடிக்கொண்டது. மழைநீர் சல்லடையில் இறங்குவதுபோல் இறங்கும். சாம்பல் துகள்களுக்கிடையே இடைவெளி பெரிது என்பதால் ஈரம் மேலேறி ஆவியாக வழியில்லை. சில சென்டிமீட்டர் படிந்தால் வரம், அதிகமானால் விதை முளைக்காது. வடக்கே வறண்ட வுப்பட்கி பகுதியில் ஜனங்கள் பெருகியதற்கு இந்தச் சாம்பலே காரணம் என்றார் தொல்லியலாளர் ஹெரால்டு கோல்ட்டன். மழையும் கைகொடுத்திருக்க வேண்டும், சாம்பல் மட்டும் சோறு போடாது. அப்பகுதியின் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களுக்கு இன்றும் சன்செட் கிரேட்டர் தெய்வ ஆவிகள் உறையும் மலை.

1928இல் ஒரு சினிமா கம்பெனி, பாறைச்சரிவைப் படமெடுக்க இந்த மலையையே வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தது. ஊர் எதிர்த்தது, கோல்ட்டனும் சேர்ந்து. 1930இல் குடியரசுத் தலைவர் ஹூவர் இதை தேசிய நினைவுச் சின்னமாக்கினார்.

வேடிக்கை என்னவென்றால், அதே சாம்பலில் பிறகு அரசே வெடி வைத்தது. மலைக்கு அருகே உள்ள சிண்டர் லேக் என்ற சாம்பல் வெளியில், 1967 ஜூலையில், நிலாவுக்குப் போகவிருந்த வீரர்களின் பயிற்சிக்காக, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையினர் 47 குழிகளை வெடித்து உண்டாக்கினார்கள். நிலாவின் அமைதிக் கடலில் ஒரு பகுதியைப் புகைப்படத்தில் பார்த்து, குழிக்குக் குழி நகல். கருஞ்சாம்பலுக்கு அடியில் வெளிறிய களிமண் இருந்தது வசதியாகப் போயிற்று: வெடித்ததும் அது மேலே சிதறி, நிலாக் குழிகளைச் சுற்றித் தெரியும் வெளுப்பை அப்படியே காட்டியது. எது எதன்மேல் சிதறியிருக்கிறது என்று பார்த்து, எந்தக் குழி மூத்தது, எது இளையது என்று சொல்லப் பழகினார்கள் விண்வெளி வீரர்கள்.

அப்பல்லோ 15 வீரர்களான ஸ்காட்டும் இர்வினும் இங்கே ஓட்டிப் பழகியது அசல் நிலா வண்டியை அல்ல. நிலாவின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்புக்கென்று செய்த அந்த வண்டி பூமியில் ஆள் ஏறினால் தாங்காது. அதனால் 'குரோவர்' என்ற மாதிரி வண்டியைச் செய்துகொண்டார்கள். அது இப்போது ஃபிளாக்ஸ்டாஃபில் காட்சிக்கு நிற்கிறது. குழிகளில் பல தூர்ந்துவிட்டன. ஒரு பகுதிக்கு வேலி போட்டிருக்கிறார்கள். மற்ற சாம்பல் மேடுகளில் வார இறுதியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் புழுதி கிளப்புகிறார்கள்.