பதில் தாமதிக்கும் நாட்களில் ஜெபம்

கல்வராயன் மலையின் வெள்ளிமலை, கரியாலூர் பகுதிகளிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருகிறவர்கள், இரண்டொரு நாளில் வீடு திரும்பும் எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அது வாரமாகி மாதமாகும்போது, கட்டிலருகே அமர்ந்திருக்கும் தாயோ மகனோ எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு: "இத்தனை நாள் ஜெபித்தும் ஏன் சுகம் வரவில்லை? எங்கள் விசுவாசம் போதவில்லையா?"

அப்படி எண்ணவேண்டாம் என்பதே எங்கள் முதல் பதில். நோயால் வாடுகிறவர் மேல் இந்தக் குற்ற உணர்வையும் ஏற்றுவது கொடுமை.

சோர்ந்துபோகாமல் ஜெபிக்கவேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன உவமை லூக்கா 18ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஆதரவற்ற விதவை ஒருத்தி, நியாயம் கேட்டு அநீதியுள்ள நீதிபதியிடம் திரும்பத் திரும்பப் போகிறாள். நச்சரித்தால்தான் தேவன் இரங்குவார் என்று இதற்குப் பொருள் சொல்வாரும் உளர். அப்படிப்பட்ட நீதிபதியே செவிகொடுப்பானானால், தம் பிள்ளைகளை நேசிக்கிற தேவன் எவ்வளவு அதிகமாய்ச் செவிகொடுப்பார் என்பதல்லவா அங்கே சொல்லப்படுகிறது! கெத்செமனேயில் இயேசுவும் ஒரே ஜெபத்தை மூன்று முறை ஏறெடுத்தார். பவுல் தம் சரீரத்திலிருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அதைத் தாங்கும் கிருபை கிடைத்தது. நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்லி அழுகிறோமே என்று ஒருவரும் வெட்கப்படவேண்டியதில்லை.

நம் தமிழ் மண்ணிலேயே இதற்கொரு சாட்சி உண்டு. அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியா வந்து, திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தார். அவர் குணமடைய டோனாவூரில் உள்ள யாவரும் ஜெபித்தனர். சிகிச்சையும் நடந்தது. ஆயினும் 1951 ஜனவரியில் மரிக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே வலியோடு இருந்தார். அந்த அறையிலிருந்து ஜெபமும் ஓயவில்லை, எழுத்தும் ஓயவில்லை. சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் தமக்கு உதவவில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற நூலை 1933இல் வெளியிட்டார். நாங்களும் சுகமாயிருந்து எழுதுகிறவர்களே. ஆகையால் இவ்விடத்தில் அதிகம் பேசத் துணியவில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஜெபிக்கிறோம் என்று மருந்தை நிறுத்தாதீர்கள். காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் மாத்திரை உண்ணவேண்டும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் தணிந்து, உடல் தேறி, "கர்த்தர் சுகம் தந்துவிட்டார்" என்று மாத்திரையை விடுகிறவர், மருந்துக்கு அடங்காத கிருமியோடு திரும்பி வர நேரிடலாம். ஜெபித்துக்கொண்டே மாத்திரையையும் முடிப்பது அவிசுவாசம் ஆகாது. டோனாவூரில் ஜெபித்தவர்களே அங்கே மருத்துவமனையையும் கட்டினார்கள்.

நோயாளியால் ஜெபிக்க இயலாத நாட்களும் வரும். காய்ச்சலிலும் வலியிலும் சொற்கள் கூடுவதில்லை. அப்போது மாற்கு 2ஆம் அதிகாரத்தின் திமிர்வாதக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் வாய்திறந்து வேண்டியதாக அங்கே எழுதப்படவில்லை. கூரையைப் பிரித்து அவனை இறக்கிய நால்வரின் விசுவாசத்தை இயேசு கண்டார். உடனிருந்து கவனிக்கும் நீங்களே அந்த நால்வர். நோயாளி களைத்திருக்கையில் உரத்த, நீண்ட ஜெபம் வேண்டாம். கையைப் பற்றிக்கொண்டு இரண்டு வாக்கியம் போதும். அடுத்த கட்டிலில் வேறு சமயத்தவர் இருக்கக்கூடும், அவருக்கும் உறக்கம் தேவை.

உங்களாலும் இயலாமற்போனால், இரவு எந்நேரமானாலும் வார்டு செவிலியரிடம் சொல்லியனுப்புங்கள். நாங்கள் வந்து உங்களோடு அமர்ந்திருப்போம்.