தாணே கழியில் ஓர் அலையின் வீச்சு

மும்பைப் புறநகரான பாண்டுப்பின் கிழக்கெல்லையில், தாணே கழியின் அலையாத்திக் காடுகளுக்கிடையே கடல்நீர் பெரும்பாலும் தினம் இருமுறை ஏறி இறங்குகிறதே, அந்த ஓதமும் ஓர் அலைதான். சராசரி மட்டத்திலிருந்து நீர் எவ்வளவு உயர்கிறதோ அதுவே வீச்சு. உச்சிக்கும் தாழ்வுக்கும் இடைப்பட்ட முழுத் தூரமன்று, ஏறத்தாழ அதில் பாதி. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிச் சூரிய சந்திரரின் ஆகர்ஷணங்கள் ஒன்றுகூடுவதால் மும்பைத் துறைமுகத்தில் சுமார் 1.8 மீட்டராக விரியும் அவ்வீச்சு, அஷ்டமியை ஒட்டி அவை ஒன்றையொன்று தணிப்பதால் ஒரு மீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. ஆயினும் ஏறி இறங்கும் காலம் ஏறக்குறைய 12½ மணி நேரமாகவே நிற்கிறது என்பதே விசேஷம்.

2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, பிற்பகல் ஓதமும் உயர்ந்து நின்றமையால் வெள்ளம் கடலுக்கு வடிய வழியின்றித் தேங்கியது. மழைநாளில் பத்திரிகையில் ஓதத்தின் உயரத்தையும் பாருங்கள்; ஆனால் அது தாழ்ந்த ஓர் அடிமட்டத்திலிருந்து கணித்த உயரம், வீச்சன்று.