இடித்ததும் காத்ததும்

பம்பாயிலும் தில்லியிலும் குடியேறிய நம்மவர் திருப்பதிக்கு வந்தால், மலையேறித் தரிசனம் முடிந்ததும் ரயிலடிக்குத் திரும்பிவிடுகிறோம். தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சந்திரகிரிக்கு அரைநாள் ஒதுக்குவோர் சிலரே.

விஜயநகர அரசின் பிற்காலத் தலைநகரம் அது. அங்குள்ள ராஜமகால் மூன்று நிலை மாளிகை. மரம் சேர்க்காமல் கல், செங்கல், சுண்ணச்சாந்து கொண்டே எழுப்பப்பட்டது. இந்தியத் தொல்லியல் துறை அதைக் காத்து, உள்ளே அருங்காட்சியகம் அமைத்துள்ளது. அரசர் போயினர், மாளிகைக்கு வேலை போகவில்லை. பார்க்க ஆள் வந்தால் வண்டிக்காரருக்கும் சிற்றுண்டிக் கடைக்காரருக்கும் பிழைப்பு உண்டு. கைத்தொழிலும் இதனாலேயே நிலைக்கிறது. பழஞ்சுவரைச் சிமெண்டினால் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, செங்கல் உதிரத் தொடங்கும். சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்க்கும் பக்குவம் அறிந்த கொத்தனாரே அதற்கு வேண்டும். பழுதுபார்க்கக் கட்டிடமே இல்லையெனில் அப்பக்குவத்தை மகனுக்குக் கற்பிப்பவர் யார்?

திருமலையில் நிகழ்ந்ததோ வேறு. சாளுவ மல்லையதேவன் 1464இல் கோயிலுக்கு எதிரே எழுப்பிய ஆயிரங்கால் மண்டபம் 2003இல் இடிக்கப்பட்டது. மாட வீதிகளை அகலப்படுத்த வேண்டும் என்பதே சொல்லப்பட்ட காரணம். பிரம்மோற்சவ நெரிசலைக் கண்ட எவரும் அதைப் பொய்யென்று தள்ள மாட்டார். ஆயினும் வெயிலுக்கும் மழைக்கும் யாத்திரிகர் கட்டணமின்றி ஒதுங்கிய நிழலை அகலமான வீதி ஈடு செய்யுமா? ஈடு செய்யாது என்றே நாம் கருதுகிறோம்.

இதில் நமக்குத் தனி உரிமையும் உண்டு. திருமலைக் கல்வெட்டுகளை 1930களில் தேவஸ்தானமே தொகுத்து வெளியிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. நந்தாவிளக்குக்கு இவ்வளவு, நந்தவனத்துக்கு இவ்வளவு என்று எந்தெந்த ஊரினரோ பொறித்துவைத்த கணக்குகள் அவை. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு மாறினாலும் கல்லின் எழுத்து மாறவில்லை. கல்லைப் பெயர்த்தால் எழுத்தைப் படியெடுத்து வைக்கலாம். அது எந்தச் சுவரில், எந்த வாயிலை நோக்கி நின்றது என்பது போய்விடும்.

2023இல் திருமலையின் பார்வேட்டை மண்டபம் பிரிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டபோது, இம்முறை பலர் வாய்விட்டு எதிர்த்தனர். சங்கராந்திக்கு மறுநாள் மலையப்ப சுவாமி வேட்டைத் திருவிழாவுக்கு எழுந்தருளும் இடம் அது. விழா இன்றும் நடைபெறுகிறது. மண்டபத்தின் தூண்கள் மட்டும் புதியவை.