இருக்கைக்கு அடியில் ஒரு நரகம்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் லட்லோ என்றொரு பழைய சந்தை ஊர். அங்குள்ள புனித லாரன்ஸ் பங்குக் கோயிலில், பாடகர் குழுவுக்கான ஓக் மர இருக்கைகள் எதிரெதிராக வரிசைகட்டி நிற்கின்றன. உட்காரும் பலகையை மேலே மடக்கினால் அடியில் கையகல விளிம்பு ஒன்று துருத்தி நிற்கும். நெடுநேரம் நின்றபடியே செபம் சொல்ல வேண்டிய குருமார்கள், நிற்பதுபோல் நின்றுகொண்டே அதில் சற்று உடம்பைத் தாங்கிக்கொள்ளலாம். மிசரிகார்டு என்று பெயர். லட்லோவில் இப்படி 28 இருக்கின்றன. ஊரின் செல்வாக்கான பால்மர் சங்கம் 1447இல் பிரிஸ்டலில் ஓக் பலகைகள் வாங்கியது இந்த இருக்கைகளுக்காகத்தான்.

பலகை, விளிம்பு, அதைத் தாங்கும் சிற்பம் எல்லாம் ஒரே மரத்துண்டு. உளி பிசகினால் மொத்தமும் வீண். அந்தச் சின்ன இடத்தில் தச்சர்கள் ஓர் உலகத்தையே செதுக்கியிருக்கிறார்கள். ஆயரின் உடையணிந்த நரி வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்கிறது. கடற்கன்னி கண்ணாடி பார்க்கிறாள். குளிரில் ஒருவன் அடுப்பருகே அமர்ந்திருக்கிறான்.

என்னை நிறுத்தியது ஏல் விற்றவளின் சிற்பம். ஏல் என்பது அன்று வீட்டுக்கு வீடு குடித்த பார்லி மது. அளவு குறைத்து விற்ற அந்தப் பெண்ணைப் பேய் ஒன்று தோளில் தூக்கிப் போகிறது. உடம்பில் துணியில்லை, தலையில் கொம்பு வைத்த நாகரிகத் தலையணி மட்டும். கையில் அந்தக் கள்ள அளவுக் குவளை. ஒரு பேய் பைக்குழல் ஊதி வரவேற்க, இன்னொன்று அவள் பாவப் பட்டியலை வாசிக்கிறது. வலப்பக்கம் நரகம் வாயைப் பிளந்து காத்திருக்கிறது.

இதே வரிசையில் ஓர் ஆண் பீப்பாயிலிருந்து ஏல் பிடிக்கிறான். அவனைச் சுற்றி ஒரு பேயும் இல்லை! ஆண்கள் அமரும் இருக்கையில், ஆண்கள் செதுக்கிய தீர்ப்பு இது. எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. ஏல் காய்ச்சுவது முன்பெல்லாம் பெரும்பாலும் பெண்கள் கைத்தொழில். அடுப்பும் அண்டாவும் இருந்தால் போதும். 1348இல் கொள்ளைநோய் வந்து போனபின் தொழில் பெரிதாகி முதலீடு கேட்டது. ஹாப்ஸ் சேர்த்த, சீக்கிரம் கெடாத பீரும் கடல் கடந்து வந்தது. கடன் வாங்கவும் சங்கங்களில் அதிகாரம் பெறவும் வழியற்ற பெண்கள் மெல்ல வெளியேறினார்கள். லட்லோவின் தச்சர்கள் உளி பிடித்த நாட்களில் அந்தத் தொழில் கைமாறிக்கொண்டிருந்தது.