உடனிருப்போரின் மறதி: நோயா, மனஅழுத்தமா?

“காலை மாத்திரையைக் கொடுத்தேனா, இல்லையா என்பதே நினைவில் இல்லை. எனக்கும் மூளையில் ஏதேனும் கோளாறா, டாக்டர்?” நோயாளிக்குத் துணையாக வருவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் இத்தகைய மறதிக்குக் காரணம் நெடுநாள் கவலையும் உறக்கமின்மையுமே ஆகும்.

புதிய செய்திகளை மனத்தில் பதியச் செய்யும் மூளைப் பகுதிக்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். கவலையின்போது சுரக்கும் கார்டிசால் சிறிது நேரம் நம்மை விழிப்புடன் வைக்கும். வாரக்கணக்கில் மிகுந்திருந்தால் இப்பகுதியின் செயலைக் குன்றச் செய்யும். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் எலிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். தொடர் மனஅழுத்தத்தால் ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின; அச்சத்தை உணர்த்தும் அமிக்டலாவிலோ அவை வளர்ந்தன. 21 நாள் ஓய்வுக்குப்பின் ஹிப்போகேம்பஸ் மீண்டது. அமிக்டலாவின் மாற்றம் மறையவில்லை என்பதைப் பின்னர் அவர்களே கண்டனர். ஆதலால், மனஅழுத்தத்தைத் தொடக்கத்திலேயே தணிப்பது நன்று.

இதற்கு உடற்பயிற்சி துணைபுரியும். அமெரிக்காவில் முதியோர் 120 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் வரை நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 விழுக்காடு பெருத்தது. தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றே சுருங்கியது.

“திராட்சைத் தோட்டத்தில் நாள் முழுவதும் உழைக்கிறோமே, இன்னும் எதற்கு நடை?” என்று கம்பம், கூடலூர்ப் பகுதியினர் கேட்கலாம். நியாயமே. விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்திற்குச் சென்று, இரவில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு முதல் தேவை உறக்கம். பகலில் கற்றவை உறக்கத்தில்தான் நிலைபெறுகின்றன. வாரத்தில் இரண்டு இரவாவது வேறொரு உறவினர் பொறுப்பேற்கட்டும். நாள் முழுவதும் கட்டிலருகே அமர்ந்திருப்பவர், வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் நடக்கட்டும். இதயநோய், மூட்டுவலி உள்ளோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக.

மாத்திரை கொடுத்தவுடன் நாட்காட்டியில் குறியிடுங்கள். ஐயம் எழுந்தால் மறுமுறை கொடுக்காமல், செவிலியரைக் கேளுங்கள்.

பழகிய வழி மறத்தல், நாளுக்கு நாள் மறதி கூடுதல் ஆகியவை தோன்றினால் மருத்துவரை அணுகுங்கள். திடீரெனப் பேச்சுக் குழறினாலோ, மனக்குழப்பம் ஏற்பட்டாலோ ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். துணையிருப்பவர் நலமாக இருந்தால்தான் நோயாளிக்கும் மருந்து வேளை தவறாமல் சென்றுசேரும்.