வீட்டுத் தூசி ஒவ்வாமை

வீட்டுத் தூசி ஒவ்வாமை என்பது, வீட்டுத் தூசியில் கலந்துள்ள சில புரதங்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு தீங்கானவையாகக் கருதி எதிர்ப்பதால் ஏற்படும் நிலையாகும். காலையில் எழுந்தவுடன் தொடர் தும்மல், மூக்கொழுகல், மூக்கடைப்பு, கண் அரிப்பு ஆகியவை இதன் பொதுவான அறிகுறிகள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது மூச்சுத்திணறலையும் தூண்டக்கூடும்.

காரணம்

இதற்கு முதன்மைக் காரணம் தூசியில் வாழும் தூசி உண்ணிகள் ஆகும். 1964 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் இத்தொடர்பை வெளியிட்டனர். எட்டுக் கால்களும் சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இவை, மனித உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களை உண்டு மெத்தை, தலையணை, போர்வை ஆகியவற்றில் வாழ்கின்றன. இவை கடிப்பதில்லை, இவற்றின் கழிவில் உள்ள புரதமே ஒவ்வாமையைத் தூண்டுகிறது. இவை நீர் அருந்துவதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே வாழ்கின்றன. எனவே ஈரப்பதம் மிகுந்த கடலோரப் பகுதிகளில் நன்கு பெருகுகின்றன.

காற்றுத் தூய்மிப்பான் போதுமா?

உண்ணிக் கழிவின் துகள்கள் ஓரளவு பெரியவை. படுக்கையை உதறும்போது எழுந்து, சிறிது நேரத்தில் கீழே படிந்துவிடும். ஆகவே காற்றுத் தூய்மிப்பான் மட்டும் இதற்குப் போதாது. புகை போன்ற நுண்துகள்களைக் குறைக்க அது பயன்படும். ஓசோன் வெளியிடும் கருவிகள் நுரையீரலுக்குத் தீங்கானவை என்பதால் தவிர்க்க வேண்டும்.

குறைக்கும் வழிகள்

* படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 பாகை செல்சியசு வெந்நீரில் துவைத்தல்.
* மெத்தை, தலையணைகளுக்கு நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை இடுதல்.
* தலையணையைக் கடும் வெயிலில் காயவைத்தல். வெயில் உண்ணிகளைக் கொன்றாலும் கழிவுப் புரதம் எஞ்சியிருக்கும். எனவே துவைப்பதும் தேவை.
* துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்புவதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைத்தல்.
* நீர்க்கசிவைச் சரிசெய்து, ஈரத்துணிகளை அறைக்குள் உலர்த்தாதிருத்தல். ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழ் நீடித்தால் உண்ணிகள் பெருகுவதில்லை.
* கொசுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, சிகரெட் புகையைத் தவிர்த்தல். இவை மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி அறிகுறிகளை மிகுவிக்கும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் செய்வதால் பெரும் பலன் கிடைப்பதில்லை. பலவற்றைச் சேர்த்துப் பின்பற்ற வேண்டும். நாளின் மூன்றில் ஒரு பகுதி கழியும் படுக்கையறையிலிருந்து தொடங்குவது நல்லது.

மருத்துவ ஆலோசனை

தூய்மை மருந்துக்கு மாற்று ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. ஒவ்வாமைக்கான காரணத்தைத் தோல் பரிசோதனை அல்லது இரத்தப் பரிசோதனை மூலம் அறியலாம்.