கரி தின்ற பஸ்ஸும் காற்றுத் தின்னும் காரும்

ரங்கூன் எங்கே, மதுரை எங்கே? ஆயினும் 1942-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமானபோது, அதன் அதிர்ச்சி வைகைக் கரை வரையில் வந்து சேர்ந்தது. பர்மாக் கிணறுகளிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றது. 1941-லேயே பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டிருந்தது. இப்போது பங்கீட்டில் கொடுப்பதற்கும் பெட்ரோல் அருமையாயிற்று. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பஸ் நின்றுபோனால் என்னவெல்லாம் நின்றுபோகும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. சந்தைக்குப் போகும் கத்தரிக்காய்க் கூடை முதல், ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சி வரையில் எல்லாம் சாலை ஓரத்தில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில் கைகொடுத்தது அடுப்புக் கரி. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்து, 1912-ல் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய ஸ்ரீ டி. வி. சுந்தரம் அய்யங்காரின் மதுரை ஸ்தாபனம், யுத்த காலத்தில் 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' என்னும் கரிவாயு யந்திரத்தைத் தானே அமைத்துச் செய்தது. சீமைக் கப்பல் வரட்டும் என்று கைகட்டிக் காத்திராமல் உள்ளூர்ப் பட்டறையில் செய்த காரியம் அது. அதற்காகவே அதை நாம் மறக்கலாகாது.

யந்திரத்தின் சூட்சுமம் எளியதே. உயரமான இரும்பு உருளையில் கரியை நிரப்பி அடியில் நெருப்பு மூட்டுவார்கள். காற்றை அளவாகவே உள்ளே விடுவதால் கரி முழுவதும் எரிந்து சாம்பலாவதில்லை. தணலின் வழியே ஏறும்போது கார்பன் மோனாக்ஸைடு என்னும் எரியும் வாயு உண்டாகிறது. ஈரம் இருந்தால் கொஞ்சம் ஹைட்ரஜனும் சேரும். காலையில் வண்டி புறப்படுமுன் கிளீனர் பையன் உருளையின் பக்கத்தில் நின்று ஊதுவிசிறியின் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றுவான். ஒரு லிட்டர் பெட்ரோல் செய்யும் வேலைக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ கரி வேண்டும்.

ஆனால் ஒரு சங்கடம். இந்த வாயுவில் ஏறக்குறையப் பாதி, எதற்கும் உதவாத நைட்ரஜன். ஆகவே பெட்ரோலில் நூறு குதிரைச் சக்தி தந்த எஞ்சின், கரியில் ஐம்பது, அறுபதோடு நின்றுவிடும். மேலூர்ச் சாலையின் சமதரையில் இது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும் வண்டிக்குத் தெரியாமல் இராது!

இழந்த சக்தியை மீட்க வழிகள் உண்டு. கரிவாயு மெதுவாக எரிவதால் பொறி விழும் நேரத்தை முன்னுக்குத் தள்ளலாம். எளிதில் 'தட்டாத' வாயுவாகையால் சிலிண்டருக்குள் அழுத்த விகிதத்தை உயர்த்தலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது குளிர்விப்பது. உருளையிலிருந்து வாயு கொதிக்கக் கொதிக்க வெளிவருகிறது. அதைக் குழாய்களில் சுற்றவிட்டு, தூசியை வடிகட்டி, ஆறிய பிறகே எஞ்சினுக்கு அனுப்ப வேண்டும். ஏனென்றால், சூடான வாயு அகன்று இடத்தை அடைத்துக்கொள்ளும். கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் அகலச் சம்மணமிட்டு உட்கார்ந்தால் அத்தோடு இடம் தீர்ந்தது. ஒடுங்கி உட்கார்ந்தால் பதின்மூன்று பேர் சாப்பிடலாம். சாதாரண உஷ்ண நிலையில் மூன்று டிகிரி குறைத்தால், அதே சிலிண்டரில் நூற்றுக்கு ஒரு பங்கு சரக்கு அதிகமாகக் கொள்ளும் என்பது கணக்கு.

இன்று வாலிபர்கள் தங்கள் கார்களுக்குப் பூட்ட ஆசைப்படும் சூப்பர்சார்ஜரும் இண்டர்கூலரும் இந்தப் பந்திக் கணக்கைத் தவிர வேறல்ல. சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் பெல்ட்டினால் சுழன்று, காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் தள்ளும் கருவி. ஜெர்மனியில் டெய்ம்லர் 1885-லேயே இந்த யோசனைக்குப் பேட்டண்ட் வாங்கினார். வெளியேறும் புகையைக் கொண்டே அதே வேலையைச் செய்விக்கும் டர்போவுக்கு 1905-ல் ஸ்விஸ் எஞ்சினீயர் பியூக்கி வழி சொன்னார். (அமெரிக்காவின் ஈட்டன் கம்பெனி செய்யும் ஒரு சூப்பர்சார்ஜருக்கு 'டி.வி.எஸ்.' என்றே பெயர். அதில் இரட்டைச் சுழல் என்று அர்த்தமாம். நம் மதுரை டி.வி.எஸ்ஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். மதுரைச் சித்திரை வெயிலில் 40 டிகிரிக் காற்றைச் சாதாரண சூப்பர்சார்ஜர் ஒன்றரை மடங்கு அமுக்கினால், அது 100 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். அழுத்தம் ஒன்றரை மடங்கு ஏறியும் அடர்த்தி ஒன்றேகால் மடங்குதான். மீதியைச் சூடு விழுங்கிவிட்டது. நடுவில் இண்டர்கூலரை வைத்து 60 டிகிரிக்கு இறக்கினால் அடர்த்தி ஏறக்குறைய 1.4 மடங்காகும். கரி பஸ்ஸின் குளிர்விக்கும் குழாய் செய்த அதே வேலை!

ஆயினும் ஒரு விஷயத்தில் கரி பஸ்ஸுக்கு நேர்விரோதமாக நடக்க வேண்டும். அங்கே அழுத்த விகிதத்தை உயர்த்தினார்கள்; இங்கே குறைக்க வேண்டியிருக்கும். அங்கே பொறியை முன்னுக்குத் தள்ளினார்கள். இங்கே பின்னுக்கு இழுக்க வேண்டும். பெட்ரோல், அழுத்தமும் சூடும் மிஞ்சினால் பொறிக்குக் காத்திராமல் தானே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். சில நிமிஷம் அப்படித் தட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். காற்று அதிகமானால் அதற்கேற்பப் பெட்ரோலும் அதிகம் போக வேண்டும். பழைய பம்பும் இன்ஜெக்டரும் அதற்குப் போதாமல் போகலாம். இவற்றையெல்லாம் கவனியாமல் சூப்பர்சார்ஜரை மட்டும் வாங்கிப் பூட்டுவது, குதிரையை வாங்கிவிட்டுக் கடிவாளத்தை மறந்த கதைதான்.

இண்டர்கூலரை எங்கே வைப்பது என்பதிலும் யோசனை வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் சாலையில் காற்று நன்றாகப் படும். ஆனால் ரேடியேட்டருக்கு வருவது இண்டர்கூலர் விட்ட சூட்டுக் காற்று. மாசி வீதிகளின் நெரிசலில் வண்டி ஊர்ந்தால் இரண்டுக்குமே காற்றில்லை. தனித் தண்ணீர், தனிப் பம்பு, தனிச் சிறு ரேடியேட்டர் கொண்ட வகை நகரத்துக்குச் சற்றுத் தோதானது என்பது நமது அபிப்பிராயம். செலவு கூடத்தான் செய்யும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் அமைத்தபடிக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தியது. ஆகவே பந்தய மைதானத்துக்கென்று செய்வது வேறு, பொதுச் சாலையில் ஓட்டுவது வேறு. லாரி, பஸ் டீசல் எஞ்சின்களில் டர்போவும் இண்டர்கூலரும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகின்றன. அவ்வகை டர்போக்களைத் தமிழ்நாட்டிலேயே செய்யும் 'டர்போ எனர்ஜி' கம்பெனி டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்தது என்பது மதுரைக்காரர்களுக்குச் சந்தோஷம் தரும்.

கடைசியாக, குழாய் மூட்டுகள். கரி எஞ்சின் வாயுவை உறிஞ்சும். மூட்டு தளர்ந்தால் வெளிக்காற்று புகுந்து கலவை கெடும், நிறுத்திய பின்போ விஷவாயு கசிந்து ஆளையே கொல்லும். சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கித் தள்ளும். மூட்டு தளர்ந்தால், அமுக்கிய காற்று வெளியே ஓடிவிடும். மூடிய குழாயில் காற்றடைத்து, மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி எழும்பும் இடத்தில் கிளிப்பை இறுக்க வேண்டும்.